ராவ்பகதூர் சி. வை. தாமோதரம் பிள்ளையும் கல்விப் பயனும்

ஒரு கலாசாலை தான் புகட்டிய கல்வி மாணாக்கரிடத்து எத்துணைப் பயன் விளைத்தது என்று அறிய விழைதல் முறையேயாம். இக்காலத்துக் கல்லூரிகள் ஒவ்வொரு பாடத்திற்கும் உரிய கற்றல் விளைவுகள் இன்னின்னவென்று தொடக்கத்திலேயே வரையறுத்து எழுதுகின்றன. ஆண்டிறுதியில் அவை எத்துணை எய்தப்பெற்றன என்று கணக்கிட்டு, 1994-ல் தோன்றிய தேசிய மதிப்பீட்டு அங்கீகார அவையின் பார்வைக்கும் வைக்கின்றன. இம்முறை புதியதாகத் தோன்றினும் இதனுள் அடங்கிய வினா பழையது. அவ்வினாவின் பொருட்டு ஒரு சிறந்த கலாசாலை மூடப்பட்டதும், அது மூடப்பட்ட சில ஆண்டுகளுள் அதன் மாணாக்கர் இருவர் ஒரு சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாய் விளங்கியதும் தமிழர் கல்விச் சரித்திரத்தில் உள்ளன. அவ்விருவருள் ஒருவரே பழந்தமிழ் நூல்களை அச்சேற்றி அழியாப் புகழெய்திய ராவ்பகதூர் சி. வை. தாமோதரம் பிள்ளை அவர்கள். அப்பெரியாருடைய வாழ்க்கையைக் கல்விப் பயன் என்னும் ஒரு நோக்கிலேயே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தாமோதரம் பிள்ளை 1832-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் யாழ்ப்பாணத்தைச் சார்ந்த சிறுப்பிட்டி என்னும் ஊரில் வைரவநாத பிள்ளைக்கும் பெருந்தேவியம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். இளமைத் தமிழைத் தந்தையாரிடத்துப் பயின்று, பின்னர்ச் சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடத்து இலக்கண இலக்கியங்களைக் கற்றார். தெல்லிப்பழையில் அமெரிக்க மிஷன் நடத்திய பாடசாலையில் ஆங்கிலம் பயின்று, 1844-ல் வட்டுக்கோட்டைச் செமினரியிற் சேர்ந்தார்.

அச்செமினரியின் பெருமையை அறியாதார்க்குச் சில சொல்லுதல் வேண்டும். அமெரிக்க மிஷனார் 1823-ல் அதனை நிறுவினர். தானியேல் பூவர் என்னும் பாதிரியார் அதன் முதல் அதிபர். ஆங்கிலம், கணிதம், வானசாஸ்திரம், பௌதிகம், தருக்கம் முதலியவற்றோடு தமிழிலக்கண இலக்கியங்களும் ஆங்குக் கற்பிக்கப்பட்டன. மாணாக்கர் கலாசாலையிலேயே உண்டு உறைந்து பல்லாண்டு பயின்றனர். இலங்கை அரசாங்கத்தில் உயர்பதவி வகித்த எமர்சன் டென்னன்ட் என்பார், 1850-ல் வெளியிட்ட தம் நூலில், அக்கலாசாலை ஐரோப்பியச் சர்வகலாசாலைகள் பலவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கதென்று பாராட்டியுள்ளார். தமிழகத்தில் சர்வகலாசாலை என்னும் பெயரே வழங்காத காலத்தில் யாழ்ப்பாணத்துச் சிற்றூரொன்றில் இத்தகைய உயர்கல்வி நிலவியது வியக்கத்தக்கதன்றோ!

இச்செமினரியில் தாமோதரம் பிள்ளை 1852 வரையிற் பயின்றார். ஆங்குக் கணிதம் கற்பித்த ஆசிரியருள் ஒருவர் கறல் விசுவநாத பிள்ளை என்பவர். அவரும் அச்செமினரியின் பழைய மாணாக்கரே. பீசகணிதத்தைத் தமிழில் நூலாக எழுதியவர். செமினரியை விட்டபின் தாமோதரம் பிள்ளை கோப்பாயில் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். ஏறத்தாழ இருபத்திரண்டு வயதளவில், குமரகுருபர சுவாமிகள் அருளிய நீதிநெறி விளக்கத்தை அச்சிட்டு வெளிப்படுத்தினார். பின்னாளில் அவர் ஆற்றவிருந்த பெரும்பணிக்கு இதுவே முதல் முளையாம்.

அம்முளையைச் செமினரியின் தலைவர் கண்டிலர். கண்டிருப்பினும் தம் கணக்கிற் சேர்த்திரார். ஏனெனில் அக்காலத்தில் அவர்கள் வேறொரு கணக்கில் ஈடுபட்டிருந்தனர். அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் என்பவர் 1855-ல் யாழ்ப்பாணம் போந்து கலாசாலையின் பயனை ஆராய்ந்தார். நற்செய்தியைத் தாய்மொழியிற் பரப்பும் போதகரும் கிராம ஆசிரியரும் போதிய அளவு தோன்றினரா என்பதே அவர் கேட்ட வினா. ஆங்கிலங்கற்ற மாணாக்கர் பலர் அரசாங்க உத்தியோகத்தையும் வாணிகத்தையும் நாடிச் சென்றமை கண்டு, உயர்தர ஆங்கிலக் கல்வி சங்கத்தின் நோக்கத்திற்கு ஏற்ற பயனை விளைக்கவில்லை என்று முடிவு செய்யப்பட்டது. அவ்வாண்டிலேயே செமினரி மூடப்பெற்றது.

இம்முடிவை நாம் எளிதிற் பழித்தல் தகாது. ஒரு சங்கம் தொலைதூர நாட்டு ஏழை விசுவாசிகள் உவந்தளித்த பொருளைச் செலவிடும்போது, அப்பொருள் எப்பயன் தந்தது என்று வினவுதல் அதன் கடமையே. கல்வி தாய்மொழியில் நிகழ்தல் வேண்டும், கிராமத்து எளியாரைச் சென்றடைதல் வேண்டும் என்னும் கொள்கையிலும் உண்மை உண்டு. நம் ஆர்க்காட்டு நாட்டிற்கும் இவ்வழக்கோடு தொடர்புண்டு. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனில் வைத்தியராய்த் தொண்டாற்றிய ஜான் ஸ்கடர் பாதிரியாருடைய புதல்வர்களே 1853-ல் ஆர்க்காட்டு மிஷனை நிறுவினர். அம்மிஷனும் தொடக்கத்தில் உயர்தரப் பாடசாலைகளை விலக்கி, கிராமந்தோறும் சென்று போதித்தலையே தன் தொழிலாகக் கொண்டிருந்தது. ஆயினும் காலம் செல்லச் செல்ல அதன் கருத்து மாறியது. 1898-ல் வேலூரில் கல்லூரியொன்றும் அதன் ஆதரவில் தோன்றியது. யாழ்ப்பாணத்திலும் அந்நாட்டுத் தமிழரின் வேண்டுகோளாலும் முயற்சியாலும் 1872-ல் பழைய செமினரி இருந்த இடத்திலேயே யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. ஆகவே 1855-ஆம் ஆண்டின் முடிவு, அதனைச் செய்தோரின் வழிவந்தோராலேயே திருத்தப்பட்டது என்னலாம்.

இனித் தாமோதரம் பிள்ளையின் வரலாற்றைத் தொடர்வோம். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் ஊழியஞ்செய்து பின்னர்ச் சென்னையடைந்த பெர்சிவல் பாதிரியார், தாம் நடத்திய தினவர்த்தமானி என்னும் பத்திரிகைக்கு ஆசிரியராய் இருக்குமாறு இவரை வரவழைத்தார். இவர் சென்னை இராசதானிக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் பதவியையும் பெற்றார். அக்காலத்திலேயே, அஃதாவது 1857-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், சென்னைச் சர்வகலாசாலை சட்டத்தால் நிறுவப்பெற்றது. இலண்டன் சர்வகலாசாலையை முன்மாதிரியாகக் கொண்ட அது தானே பாடஞ்சொல்லுவதன்று. பரீட்சித்துப் பட்டம் வழங்குதலே அதன் தொழில். ஒருவன் எங்குக் கற்றான், யாரிடத்துக் கற்றான் என்பதினும், வினாத்தாளுக்கு எவ்வாறு விடையிறுத்தான் என்பதே அதற்கு முக்கியம்.

அச்சர்வகலாசாலை நடத்திய முதல் பீ.ஏ. பரீட்சையில் தேறிப் பட்டம் பெற்றவர் இருவரே. ஒருவர் தாமோதரம் பிள்ளை; மற்றொருவர் அவருடைய பழைய ஆசிரியராகிய விசுவநாத பிள்ளை. ஆசிரியரும் மாணாக்கரும் ஒரே பந்தியில் அமர்ந்து ஒரே வினாவுக்கு விடையெழுதிய அருங்காட்சி அது. இருவரும், பயனற்றதென்று சில ஆண்டுகளுக்குமுன் மூடப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியின் மக்கள். செமினரியின் கல்வி எத்தரத்ததென்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆனால் அச்சான்று வந்தபோது அதனைக் கேட்டு மகிழச் செமினரி இல்லை.

இங்ஙனம் கூறுவதால், பரீட்சையே கல்விக்கு முடிந்த அளவுகோல் என்பது நம் கருத்தென்று எவரும் கொள்ளற்க. அதே காலத்தில் கல்கத்தாச் சர்வகலாசாலை நடத்திய முதல் பீ.ஏ. பரீட்சையின் கதை இதனைத் தெளிவிக்கும். ஆங்கும் 1858-ல் பட்டம் பெற்றவர் இருவரே. அவ்விருவரும் ஒரு பாடத்திற் சில மதிப்பெண் குறைந்தமையால், ஏழுக்கு மேற்படாத மதிப்பெண்கள் கருணையாக வழங்கப்பெற்றே தேறினர். அவருள் ஒருவர் பங்கிம் சந்திர சட்டோபாத்தியாயர். வங்கமொழியில் நவீனம் என்னும் இலக்கிய வகையை நிலைநிறுத்தியவர் அவரே. அக்கருணை காட்டப்படாதிருப்பின் பட்டியலில் அவர் தவறியவராகவே நின்றிருப்பார். பரீட்சகரைக் குறைகூற இதனை நாம் சொல்லவில்லை. அவர்கள் வினவியதற்கு அவர்கள் அளந்தனர். வினவாததை அளக்க அவர்களால் இயலாது. அளவுகோல் எதனை அளக்கச் சமைந்ததோ அதனையே அளக்கும் என்பதை மறவாதிருத்தலே வேண்டுவது.

பட்டம் பெற்ற தாமோதரம் பிள்ளை கள்ளிக்கோட்டை அரசாங்கப் பாடசாலையிற் சிலகாலம் ஆசிரியராயிருந்தார். பின்னர்ச் சென்னையில் அரசாங்க வரவு செலவுக் கணக்குச் சாலையில் அமர்ந்து படிப்படியாக உயர்ந்தார். 1871-ல் பீ.எல். பரீட்சையிலும் தேறினார். 1882-ல் உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் வழக்கறிஞராய்த் தொழில் நடத்தினார். 1887-ல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாக நியமனம் பெற்றார். 1895-ல் ராவ்பகதூர் என்னும் பட்டம் அவருக்கு வழங்கப்பெற்றது. 1855-ஆம் ஆண்டின் கணக்கர் இவ்வரிசையைக் கண்டால், தாம் அஞ்சியவாறே இம்மாணாக்கர் உத்தியோகத்தை நாடி மறைந்தனர் என்று எழுதித் தம் ஏட்டை மூடியிருப்பர்.

ஆனால் அவர் மறைந்திலர். உத்தியோகத்தின் இடையிலும் அதன் பின்னரும் அவர் தேடித் திரிந்தவை செல்லரித்துச் சிதைந்துகொண்டிருந்த பனையோலைச் சுவடிகள். 1868-ல் ஆறுமுக நாவலர் பார்வையிட்டுத் திருத்தித் தர, தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு வெளியிட்டார். 1879-ல் நாவலர் மறைந்தபின் அப்பணியின் பெரும்பாரத்தைத் தாமே சுமந்தார். 1881-ல் வீரசோழியமும், 1883-ல் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும், 1885-ல் தொல்காப்பியப் பொருளதிகாரமும், 1887-ல் கலித்தொகையும், 1889-ல் இலக்கண விளக்கமும் சூளாமணியும் அவரால் வெளிவந்தன. தொல்காப்பிய எழுத்ததிகாரமும் சொல்லதிகாரமும் நச்சினார்க்கினியர் உரையோடு முறையே 1891-லும் 1892-லும் வெளிப்பட்டன. எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதல் முழுமையாக அச்சேறியது அவருடைய கலித்தொகையே. டாக்டர் உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்ததும் அதே ஆண்டிலேயாம். அவ்விரு பெரியாரும் கும்பகோணத்தில் ஒருகாலத்து வாழ்ந்து பழகியவர் என்பதும் ஈண்டு நினைவு கூரத்தக்கது.

இப்பணியின் தன்மையை மாணாக்கர் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். பல ஊர்களினின்று வந்த சுவடிகளை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தல், ஏடெழுதினோர் இழைத்த பிழை இது, நூலாசிரியர் பாடம் இது எனப் பிரித்தறிதல், மெய்யெழுத்திற்குப் புள்ளியில்லாது தொடர்ச்சியாக எழுதப்பட்ட வரியினின்று சொல்லைக் காணுதல் முதலியன எந்த வினாத்தாளிலும் அவரிடம் கேட்கப்பட்டவையல்ல. ஆயினும் இவற்றிற்கு வேண்டிய ஆற்றல் எங்கிருந்து வந்தது? கவிராயரிடத்துப் பெற்ற இலக்கணமும், செமினரியிற் பயின்ற கணிதமும் தருக்கமும், கணக்குச் சாலையில் வரிதோறும் சரிபார்த்துப் பழகிய பழக்கமும் ஒருங்கு கூடியே இதனைத் தந்தன என்பது நம் துணிபு. ஒருவன் கற்றதைக் கற்ற வடிவிலேயே ஒப்புவித்தல் கல்வியின் முதற்படி. கற்றதைக்கொண்டு கல்லாத ஒன்றைச் செய்து முடித்தலே அதன் விளைவு.

அவருடைய பதிப்புக்களும் பிற்காலப் புலவரின் பரீட்சைக்கு உட்பட்டன. பொருளதிகாரம் முழுமைக்கும் நச்சினார்க்கினியர் உரையென்று அவர் அச்சிட்டதனுள், இறுதி நான்கியல்களுக்கு அமைந்த உரை பேராசிரியருடையதென்பதை இரா. இராகவையங்கார் பின்னர் ஆராய்ந்து நிறுவினார். இதனால் முன்னவர் பெருமை குறையவில்லை. நூல் அச்சேறியிராவிடின் அவ்வாராய்ச்சிக்கே இடமில்லை. பின்னே வருவோர் திருத்தும்படி ஒரு பொருளைக் காத்துக் கொடுத்தலும் கல்விப் பயன்களுள் ஒன்றாம்.

பிள்ளையவர்கள் கல்விச்சாலையையும் மறந்தாரல்லர். பாடசாலை மாணாக்கருக்கென ஆறாம் வாசகப் புத்தகமும் ஏழாம் வாசகப் புத்தகமும் எழுதினார். 1876-ல் ஏழாலை என்னும் ஊரில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிஷன் கலாசாலையில் வளர்ந்தவர் சைவ வித்தியாசாலை நிறுவினாரே என்று சிலர் வருந்தலாம். மிஷன் கல்லூரியைச் சார்ந்த நாம் இதனை மறைக்க வேண்டியதில்லை. அவர் கிறிஸ்தவச் சூழலில் வளர்ந்து பின்னர்ச் சைவ சமயத்தையே கைக்கொண்டார். அவருடைய புதல்வர் அழகசுந்தரமோ கிறிஸ்தவராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்னும் பெயரோடு தமிழ்ப் பேராசிரியராய் விளங்கினார். அவர் பிலிப்ஸ் பாதிரியாரோடு கூடிச் சைவத் திருப்பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1921-ல் வெளியிட்டார். தந்தையும் மகனும் சென்ற வழிகளை எந்தக் கணக்கேட்டின் எப்பத்தியில் எழுதுவது? மனச்சான்றின் வழி கலாசாலையின் அளவுகோலுக்கு எட்டாதது.

1901-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாள், சென்னைப் புரசைபாக்கத்தில் தாமோதரம் பிள்ளை இவ்வுலக வாழ்வை நீத்தார். அப்போது செமினரி மூடப்பட்டு நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. தாய்மொழிக்குப் பயன்படாதெனக் கருதப்பட்ட ஆங்கிலக் கல்வியைப் பெற்ற ஒருவரே தாய்மொழியின் பழம்பெருநூல்களை மீட்டுத் தந்தார். 1855-ல் கணக்கெடுத்தவர் நேர்மையற்றவரல்லர். தம் கண்முன் நின்ற விளைவை உண்மையாகவே எண்ணினர். ஆயினும் அவர் கணக்கில் இரண்டு குறைகள் இருந்தன. பலவகைக் கனி தரும் மரத்தில் ஒருவகைக் கனியையே எண்ணினர் என்பது ஒன்று. காய் முற்றுமுன் எண்ணி மரத்தையும் வெட்டினர் என்பது மற்றொன்று.

இவ்வரலாறு நமக்குப் புகட்டுவது யாது? திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட கீழ்பென்னாத்தூரையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் எண்ணுவோம். அவ்வூர்களினின்று வரும் மாணாக்கருட் பலர் தம் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி வாயிலை மிதித்தவர். அவர் பெற்றோர் மணிலாக்கொட்டை பயிரிடுவோர். மேலே கொடி பசுமையாயிருப்பது கொண்டு அவர் விளைவை மதிப்பதில்லை. ஒரு செடியைப் பிடுங்கி வேரிற் காய் பிடித்துள்ளதா என்று பார்த்தே மதிப்பர். எனினும் முற்றுமுன் வயல் முழுதையும் பிடுங்கிவிடார். நம் ஆசிரியர்க்கும் இவ்விரண்டு அறிவும் வேண்டும்.

முதலாவது, பிடுங்கிப் பார்த்தல். மனப்பாடஞ் செய்த விடையைத் திரும்ப எழுதுமாறு கேட்பதோடு அமையாது, மாணாக்கன் முன் கண்டிராத ஒரு செய்யுளையோ கணக்கையோ கொடுத்து அவன் அதனை எவ்வாறு அணுகுகின்றான் என்று பார்த்தல் வேண்டும். கற்றல் விளைவு இன்னதென்று எழுதுங்கால், அதனை எவ்வினாவால் அறியப்போகின்றோம் என்பதையும் உடனெழுதுதல் வேண்டும். இடையில் தளர்ந்தானைக் கண்டால் மதிப்பெண்ணைக் குறைத்து அமைதல் போதாது; அவன் தளர்ந்த இடத்தை மீளக் கற்பித்தலே மதிப்பீட்டின் பயன். அது செய்யாத கணக்கு எத்துணை அழகாக எழுதப்படினும் மாணாக்கனுக்கு உதவாது.

இரண்டாவது, காத்திருத்தல். பட்டமளித்த நாளோடு ஏட்டை மூடாமல், பழைய மாணாக்கர் எங்குள்ளார், என்ன செய்கின்றார், கற்றவற்றுள் எது அவர்க்குத் துணையாயிற்று, எது வீணாயிற்று என்பதைப் பத்தாண்டிலும் இருபதாண்டிலும் வினவியறிதல் வேண்டும். பெற்ற ஊதியத்தை மாத்திரம் குறித்துக்கொள்ளாமல், ஊரார்க்குச் செய்த உதவியையும், எழுதிய எழுத்தையும், வளர்த்த பிள்ளைகளையும் கேட்டெழுதுதல் வேண்டும். இவ்விதழைப் படிக்கும் பழைய மாணாக்கர் தம் வரலாற்றைத் தாமே எழுதியனுப்புவாராயின் அதுவே கல்லூரிக்குச் சிறந்த மதிப்பீட்டுப் பத்திரமாகும்.

மாணாக்கர்க்கும் ஒரு சொல். பரீட்சையை இகழாதீர்கள். தாமோதரம் பிள்ளை அதனை இகழ்ந்தாரல்லர். முதலில் தேறினவராய் அதன்மூலம் வாழ்க்கைக்கு வழிசெய்துகொண்டார். ஆனால் தேறிய நாளோடு கற்றல் முடிந்ததென்று எண்ணினாரல்லர். பட்டம் பெற்ற முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஏட்டுச் சுவடியின் முன் மாணாக்கராகவே அமர்ந்திருந்தார். அவர் பெற்ற மதிப்பெண் எத்தனையென்று இன்று எவரும் வினவுவதில்லை. அவர் காத்தளித்த நூல்களையே நம் வகுப்புக்களிற் கற்கின்றோம். அவற்றினின்றே வினாக்கள் எழுப்பி உங்களைப் பரீட்சிக்கின்றோம். நீவிரும் பின்வருவோர் கற்றற்குரிய ஒன்றை ஆக்கியோ காத்தோ அளிப்பீர்களாக.